தேயாத பல்சக்கரம்

எங்கள் ஆஸ்பத்திரியில் உயிரோடு இருப்பவர்களைவிடச் செத்தவர்கள்தான் அதிகம் வேலை பார்க்கிறார்கள். தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறியின் இறக்கையைப் பார்த்தால் யாரோ ஒருவரின் ஞாபகார்த்தம். நோயாளிகள் உட்காரும் பெஞ்சு ஒரு வாத்தியாருடையது. சக்கர நாற்காலி, பிரசவத்தில் போன ஒரு பெண்ணுடையது. இங்கே ஒரு வீட்டில் சாவு விழுந்தால், வீட்டார் சர்ச்சுக்கோ ஆஸ்பத்திரிக்கோ ஒரு பொருள் வாங்கிக் கொடுத்து அதில் பெயரையும் தேதியையும் எழுதி வைப்பார்கள். அதோடு முடியாது. "அப்பாவுக்க ஃபேன் ஓடுதா?" என்று கேட்டுக்கொண்டு வந்து, அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார்கள். வெளியூரிலிருந்து வருகிற டாக்டர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எனக்கு இதில் சிரிக்க ஒன்றும் மிச்சமில்லை.

நான் அங்கே லேப் டெக்னீஷியன். மார்த்தாண்டத்திலிருந்து உள்ளே தள்ளி, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது ஆஸ்பத்திரி. மிஷனரிகள் காலத்து ஓட்டுக் கட்டடத்தின் கடைசி அறைதான் லேப். அதில் ஒரே கம்பெனியின் ஒரே மாடலில் இரண்டு மைக்ராஸ்கோப்புகள் இருந்தன. ஒன்று ஆஸ்பத்திரி சொந்தமாக வாங்கியது. அதை நான் சவம் என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் பக்கத்தில் திட்டுவதற்கும் அந்தச் சொல்தான், கொஞ்சுவதற்கும் அந்தச் சொல்தான். காலையில் உறையை எடுக்கும்போது "சவமே, இன்னைக்காவது மரியாதையா ஓடு" என்று ஒரு வார்த்தை சொன்னால்தான் எனக்கு அன்றைய வேலை தொடங்கும். மற்றொன்று ஞாபகார்த்தம்.

அதன் பித்தளைத் தகட்டில் பெயர் இருந்த பெண் இதே லேபில் என் பக்கத்து ஸ்டூலில் இருந்து வேலை பார்த்தவள். பார்க்கிறவர்களுக்கு எரிச்சல் வருகிற அளவுக்குச் சுறுசுறுப்பு. டீ குடிக்கக் கூப்பிட்டால், இந்த ஸ்லைடையும் பார்த்துவிட்டு வருகிறேன் என்பாள். வரமாட்டாள். அவளுடைய டீயை நான்தான் ஆறவைத்துக் குடிப்பேன். பிறகு வளைகுடாவில் ஒரு ஆஸ்பத்திரி லேபுக்குப் போனாள். அங்கே வேலைக்குப் போகிற வழியில் வண்டி மோதிப் போய்ச் சேர்ந்தாள். திருவனந்தபுரத்தில் விமானத்திலிருந்து பெட்டியாக இறங்கினாள். திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பெற்றவர்கள் முகத்தைப் பார்க்காமலே கல்லறையில் வைத்தார்கள். ஒரே பிள்ளை.

அவளுடைய அப்பா தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கே சார். அடக்கம் முடிந்து கொஞ்ச நாளில் என்னிடம் வந்து, அவள் வேலை பார்த்த மைக்ராஸ்கோப் என்ன மாடல் என்று கேட்டு, அதே மாடலில் ஒன்று வாங்கித் தந்தார். அப்போது கம்பெனி அதை விற்றுக்கொண்டிருந்தது, ஆனாலும் வந்து சேரப் பல மாசமாயிற்று. ஜெபம் பண்ணி ஒப்புக்கொடுத்த அன்று எல்லோரும் ஏதேதோ பேசினார்கள். சார் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "அவ வேலைய இது பாக்கட்டு."

ஒவ்வொரு வருஷமும் அவள் இறந்த நாளில் சார் லேபுக்கு வருவார். நான் ஒரு ஸ்லைடை வைத்துக் கொடுப்பேன். குனிந்து பார்ப்பார். இந்த வருஷம் எத்தனை பேருக்கு இதில் பார்த்தீர்கள் என்று கேட்பார். நிறைய பேருக்கு என்று சொல்வோம். அதை வீட்டில் போய் மனைவியிடம் சொல்வார். மகள் போன துக்கத்தில் அந்த அம்மா பாதி ஆளாகி, பிறகு பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்திருந்தார். மிஷின் ஓடுகிறது என்று கேட்ட அன்றைக்கு இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிடுவார், வருஷம் முழுக்க அதையே பிடித்துக்கொண்டு கிடக்கிறார் என்று சார் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

ஆனால் அந்த மைக்ராஸ்கோப் ஓடவில்லை. வந்த புதிதில் சில வாரம் ஓடியது. அப்புறம் முதல் நினைவுநாளுக்கு முந்தின தினம் எங்கள் நிர்வாகி லேபுக்குள் எட்டிப்பார்த்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் பயந்தாங்கொள்ளி. ஸ்லைடு வைக்கிற தட்டில் எண்ணெய்க் கறையும் பெயர்த்தகட்டில் ஊதா மையும் இருந்ததைப் பார்த்து அவருக்கு வியர்த்துவிட்டது. தானம் தந்தவர் மனசு நோகுமே என்று உடனே ஒரு கண்ணாடி அலமாரி செய்ய ஆர்டர் கொடுத்தார். அதற்குப் பிறகு மைக்ராஸ்கோப் அலமாரிக்குள். பூ வேலை செய்த வெள்ளைத் துணி அதன்மேல். வருஷத்துக்கு ஒரு நாள் வெளியே எடுத்துத் துடைத்து மேசையில் வைப்போம். சார் போனதும் திரும்ப உள்ளே. ஆஸ்பத்திரி முழுக்க இது தெரியும். யாரும் அதைத் தப்பு என்று நினைக்கவில்லை. மரியாதை என்றுதான் நினைத்தோம்.

எனக்கு மட்டும் வேறு ஒரு கவலை இருந்தது. இந்த ஊர் லென்சுக்கு எமன். வைகாசி பாதியில் தொடங்குகிற எடவப்பாதி மழை ஓய்ந்தால் ஐப்பசி மழை. நடுவில் கடல்காற்று. கண்ணாடிக்கு உள்ளே பூசணம் பிடித்து நூல்நூலாகப் படரும். தினமும் ஓடுகிற மைக்ராஸ்கோப்புக்கு அதன் பல்பின் சூடே மருந்து. பூட்டி வைத்ததுதான் கெடும். நிர்வாகியிடம் சொன்னேன். வாரம் ஒருமுறை பல்பை எரிய விட்டால் போதாதா என்றார். அந்த பல்பும் போனது. அந்த பல்பை கம்பெனி நிறுத்திவிட்டது. நினைவுநாளன்று மட்டும் ஒரு மேசை விளக்கை அடியில் வைத்துச் சமாளிப்பேன். ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல்லை வீட்டுக்குக் கொண்டுபோய், கடுகு வறுக்கிற சட்டியில் நீலம் திரும்புகிறவரை வறுத்துக் கொண்டுவந்து அலமாரிக்குள் வைப்பேன். என்னால் ஆனது அவ்வளவுதான்.

வருஷம் போகப்போக ஞாபகார்த்தத்தில் படம் மங்கியது. சார் குனிந்து பார்த்துவிட்டுக் கண்ணைக் கசக்குவார். தனக்குத்தான் பார்வை போய்விட்டது என்று நினைத்தார். நாகர்கோவிலில் புரை ஆபரேஷன் செய்துகொண்டார். அடுத்த வருஷம் வந்து, ஆபரேஷன் பண்ணியும் மூடுபனிக்குள்ளே பார்க்கிற மாதிரித்தான் தெரிகிறது, வயசாகிவிட்டது இல்லையா என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார். நான் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

இதற்கிடையில் சவம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எப்படி ஓடியது என்பது எனக்கும் மெக்கானிக்குக்கும் மட்டுமே தெரியும். மெக்கானிக் நாகர்கோவில்காரர். முன்பு அந்தக் கம்பெனியிலேயே இருந்தார். கம்பெனி இந்தப் பக்கத்து சர்வீஸை மூடியதும், ஸ்கூட்டரில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு தானே தொழில் தொடங்கினார். வாய் ஓயாத மனுஷன். தன் கையில் வந்து செத்த மைக்ராஸ்கோப் கிடையாது என்று வந்தவுடன் ஒரு தடவையும் போகும்போது ஒரு தடவையும் சொல்வார். பல்புக்குப் பதிலாக பைக் ஹெட்லைட்டின் எல்இடியைப் பொருத்தினார். ஸ்லைடைப் பிடிக்கும் கவ்விக்கு பால்பாயின்ட் பேனாவின் ஸ்பிரிங். ரத்த அணுக்களை எண்ணுகிற மிஷின் எங்களிடமும் வந்துவிட்டது. ஆனாலும் அது சந்தேகம் என்று காட்டுகிறதை, கடைசியில் கண்ணால் பார்க்கிறவள் நான்தான். காய்ச்சல் காலத்தில் சவம் இல்லாவிட்டால் எங்கள் லேப் வெறும் ஊசி குத்துகிற இடம்.

போன மழையில் அது நடந்தது. வராந்தா முழுக்கக் காய்ச்சல்காரர்கள். ஒரு ஸ்லைடைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நுண்ணியதாகத் திருப்புகிற குமிழ் என் கையில் சும்மா சுற்றியது. படம் போனது போனதுதான். மெக்கானிக் வந்து பிரித்தார். உள்ளே நகத்தளவு பிளாஸ்டிக் பல்சக்கரம் ஒன்று இரண்டாகப் பிளந்திருந்தது. அந்தக் குமிழை மயிரிழை திருப்பினால் லென்சும் மயிரிழை நகர வேண்டும். அதைச் செய்கிறது அந்தச் சக்கரம்தான். அவ்வளவு பெரிய இரும்புக்கு இத்துனூண்டு உயிர்.

கம்பெனிக்கு போன் செய்தேன். ஒரு பெண் ரொம்ப அழகாகப் பேசினாள். இந்த மாடலுக்கு சப்போர்ட் முடிந்துவிட்டது மேடம், புது மாடல் இருக்கிறது என்றாள். ஒரு சக்கரம் மட்டும் தர முடியுமா என்று கேட்டேன். திரும்பவும் முதலிலிருந்து அதே அழகோடு சொன்னாள். போனை வைத்துவிட்டு அவளைக் கொஞ்ச நேரம் திட்டினேன். பாவம், அவள் என்ன செய்வாள். மார்த்தாண்டத்தில் லேத் பட்டறையில் பித்தளையில் கடைந்து பார்த்தோம். பல் முரடாக இருந்ததால், லென்சு குதித்து இறங்கி ஸ்லைடை உடைத்தது. இன்ஜினியரிங் காலேஜில் ஒருவர் பிளாஸ்டிக்கில் அச்சடித்துத் தந்தார். மூன்றாம் நாள் பல் மழுங்கிப்போனது. அதுவரை ஸ்லைடுகளை ஆட்டோவில் வேறு லேபுக்கு அனுப்பினோம். முடிவு மறுநாள் வரும். காய்ச்சல் மறுநாள் வரை காத்திருக்குமா?

கடைசியில் மெக்கானிக் நேராகக் கேட்டார். இதே மாடல் வேறு எங்காவது கிடக்கிறதா, அதன் சக்கரத்தை எடுத்து இதில் போடலாம் என்று. எல்லோரும் அலமாரியைப் பார்த்தோம். நிர்வாகி என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பதறினார். சாரைக் கேட்காமல் தொடக்கூடாது என்றார். கேட்க என்னைத்தான் அனுப்பினார்.

சிதறால் போகிற பாதையில் அவர் வீடு. நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். ஒன்று பழுதாகிவிட்டது, உங்கள் பிள்ளையுடையதில் இருந்து ஒரு சக்கரம் எடுத்தால் அது ஓடும், ஆனால் இது நின்றுவிடும் என்றேன். இது ஏற்கனவே நின்று எத்தனையோ வருஷமாகிறது என்பதை மட்டும் விழுங்கிவிட்டேன். ஆட்கள் நோயில் கிடக்கும்போது எடுக்க வேண்டாம் என்று எப்படிச் சொல்ல என்றார் சார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"தொறக்கும்பம் நான் அங்க இருக்கணும் பிள்ளே. அண்ணைக்குப் பெட்டியத் தொறக்க விடல்ல. இதையாவது பாக்கணும்லா."

மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. லேப் பெஞ்சில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நிர்வாகியும் வந்து கதவோரம் நின்றார். அந்த மைக்ராஸ்கோப் யாருடையது, வந்திருப்பவர் யார் என்று மெக்கானிக்கிடம் சொல்லியிருக்கவில்லை. அவரை எப்போதும் சவத்துக்காக மட்டும்தானே கூப்பிடுவோம். பெரியவர் யாரோ வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு பெட்டியை விரித்தார். வாயையும் விரித்தார்.

கண் வைக்கிற தலைப்பகுதியை முதலில் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே இருந்த கண்ணாடிக் கட்டிகள் முழுக்கப் பூசணம். துடைத்தால் போகிற பூசணம் இல்லை, கண்ணாடியையே தின்று தடம் போட்டிருந்தது. இதில் பார்த்தால் யானைகூடத் தெரியாது என்றார். சார் ஒவ்வொன்றுக்கும் இது என்ன, இது என்ன செய்யும் என்று தாழ்ந்த குரலில் கேட்டார். மெக்கானிக் ஒவ்வொன்றையும் அவர் கையில் கொடுத்துக் காட்டினார். சார் வாங்கிப் பார்த்துவிட்டு, மேசையில் விரித்திருந்த துணியில் ஓசைப்படாமல் வைத்தார். கிரீஸ் பலாப்பழப் பசைபோல இறுகியிருந்தது. முடி உலர்த்துகிற மிஷினால் சூடாக்கி அதை இளக்கினார் மெக்கானிக். எனக்கு அங்கே நிற்கவே பிடிக்கவில்லை. எப்படியாவது சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது.

சக்கரம் வெளியே வந்தது. மெக்கானிக் அதை ஸ்பிரிட்டில் கழுவி, லென்ஸ் வைத்துப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அடுத்து என்ன வரப்போகிறது என்றும் தெரிந்தது. வாயை மூடு என்று கண்ணால் சொன்னேன். அவர் எங்கே என்னைப் பார்த்தார்!

"அக்கா, அடிச்சது யோகம். இது ஓடவே இல்லியே! ஒரு பல்லுகூடத் தேயல்ல. கம்பெனில இருந்து எறங்குனபடியே இருக்கு, பாத்தியளா."

மெக்கானிக் எங்கள் முகங்களை மாறிமாறிப் பார்த்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தானே பேச்சை நிறுத்தினார். சார் நிர்வாகியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"ஓடல்லியா பிள்ளே?"

இல்லை சார் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும், பல்லே சாட்சி சொல்லிவிட்ட பிறகு. நிர்வாகி முன்னால் வந்து, கண்ணைப்போல வைத்துப் பார்த்துக்கொண்டோம், ஒரு தூசி படவிடவில்லை, அலமாரியைப் பாருங்கள் என்று அடுக்கினார். சொல்லச்சொல்ல அது மோசமாகிக்கொண்டே போனது. எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரத்தில் பாதி என்மேலும் வந்தது. சார் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எங்களுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"வராத பிள்ளைக்கு நான் ஒருநாளும் வருகை போட்டதில்ல" என்றார். அவ்வளவுதான்.

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டு சக்கரத்தைச் சவத்தில் பொருத்தினார். நான் முந்தின நாளின் ஒரு காய்ச்சல் ஸ்லைடை வைத்துக் குமிழைத் திருப்பினேன். படம் வழுக்கிக்கொண்டு வந்து நின்றது. சிவப்பணுக்களின் விளிம்பு துல்லியமாக இருந்தது. நடுவில் ஊதாப் பொட்டாகத் தட்டணுக்கள், இருக்க வேண்டியதைவிட ரொம்பக் குறைவாக. டாக்டருக்கு உடனே சொல்லி அனுப்பினேன். சவம் திரும்ப ஓடிய சந்தோஷத்தை முழுசாக அனுபவிக்கக்கூட விதியில்லை. சார் பக்கத்தில் வந்து நின்றார். பார்க்கலாமா என்று கேட்டார். விலகிக் கொடுத்தேன். ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார். நிமிரும்போது, இவ்வளவு தெளிவாகவா தெரியும் என்றார். அப்படியானால் என் கண்ணுக்கு ஒன்றுமில்லை என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஸ்லைடு கழுவுகிறதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

பித்தளைத் தகட்டைக் கழற்றிச் சவத்தின் உடம்பில் பொருத்திவிடலாம், உள்ளே இனி ஓடுவது அவளுடைய சக்கரம்தானே என்று கேட்டுப் பார்த்தேன். வேண்டாம் என்று தலையாட்டினார். அது அவள் பார்த்த வேலை இல்லை என்றார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு என்னை வரச் சொன்னார். திறக்கப்போகிறார்கள் என்று வீட்டில் அம்மாவுக்குத் தெரியாது. லேபுக்குப் போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். திரும்பிப் போனால் கேட்பாள், எனக்குப் பொய் சொல்ல வராது, நிஜத்தைச் சொல்லவும் தெம்பு இல்லை, நீ வந்து உள்ளதைச் சொல்லிவிடு என்றார். லேப் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு அவர் பின்னால் போனேன்.

ஆட்டோவில் ஏறினோம். என்ன சொல்வது, எந்த வார்த்தையில் தொடங்குவது என்று வழி முழுக்க மனசுக்குள் எழுதி எழுதி அழித்தேன். உங்கள் பிள்ளையை நாங்கள் அலமாரியில் பூட்டி வைத்திருந்தோம் என்று படுத்துக் கிடக்கிற ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது? வீட்டில் அந்த அம்மா சன்னலோரக் கட்டிலில் சாய்ந்து கிடந்தார். ஒரு பக்க முகம் இழுத்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்ததும் நல்ல கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன். பேச்சு குழறினாலும் என்ன கேட்கிறார் என்பது புரிந்தது.

"நம்ம மிஷின் ஓடுதா மக்கா?"

நான் வாயைத் திறந்தேன். அம்மா என்று தொடங்கினேன். அதற்குள் என் பின்னால், வாசற்படியில் குடையை மடக்கிக்கொண்டிருந்த சாரின் குரல் வந்தது. வகுப்பில் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரல்.

"ஓடுது. இப்பம் எனக்க கண்ணால பாத்துட்டு வாறேன். ஒரு நிமிசம் சும்மா இல்ல. காய்ச்சக்காரங்க வராந்தா நெறஞ்சு நிக்காங்க, எல்லாருக்கும் அவதான் பாக்கா."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவரால் அங்கே நின்றிருக்க முடியாது. அந்த அம்மாவின் இழுத்திராத பக்கம் கொஞ்சம் சிரித்தது. என் கையை விடவில்லை. பக்கத்தில் வரச்சொல்லி இழுத்தார். சாருக்குக் கேட்கக்கூடாது என்பதுபோல என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்.

"எப்பமும் இப்பிடி வேல வாங்கப்பிடாது மக்கா. இடைக்கு அதுக்குக் கொஞ்சம் ஓய்வு குடுங்க."

கொடுக்கிறோம் அம்மா என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.